வேறு ஆரஞ்சில் ஒரு வரி

புதிதாகச் சேர்ந்திருக்கும் மூவருக்கும்,

நாளை முதல் ஜன்னலோரத்து இந்த நாற்காலி என்னுடையது இல்லை. ஓய்வு பெறுகிறவர்கள் சொல்ல வேண்டிய புத்திமதியை முப்பத்தோரு வயதில் சொல்ல வந்துவிட்டாளே என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றட்டும். துறைத் தேர்வுகளை ஒரே மூச்சில் எழுதித் தேறி வேறு மாவட்டத்துக்குப் போகிறேன். இனி என் கைக்குக் குத்தகைப் பதிவேடு வரப்போவதில்லை. அந்த வகையில் எனக்கு இது ஓய்வுதான்.

மனுவை எப்படிப் பதிவது, அறிவிப்பை யார் யாருக்கு அனுப்புவது என்பதெல்லாம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. நான் எழுதப்போவது நான் செய்த ஒரு தவறு. நடந்து நான்கு வருடம் ஆகிறது. அலுவலகத்தில் அதை மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மூன்றிலும் நான் நல்லவளாகவே வருகிறேன். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். வலங்கைமான் பக்கம் ஒரு பண்ணையில் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் விலாசம் கேட்டபோது அந்தப் பண்ணையின் பெயரைத்தான் எழுதிக்கொண்டார்கள். இந்த அலுவலகத்தில் நான் சேர்ந்தபோது அறுவடைக் கூலிச் சண்டையால் ஊருக்கு ஊர் போலீஸ் முகாம் போட்டிருந்தார்கள். என் காதில் விழும்படியே ஒருவர் சொன்னார்: "செங்கொடிக்காரங்க வீட்டுப் பொண்ணு. குத்தகை செக்‌ஷன்ல கொண்டாந்து போட்டிருக்காங்க. இனிமே எந்தப் பக்கம் சாயும்னு ஜோசியமா பாக்கணும்?"

அன்று முதல் குத்தகைக்காரர்கள் கொடுக்கும் ஒவ்வொரு காகிதத்தையும் இரண்டு முறை சோதிக்க ஆரம்பித்தேன். நிலத்துக்காரர்களின் காகிதத்தை ஒரு முறை. அதை நேர்மை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி ஆரஞ்சு மை. இப்போது அது வழக்கத்தில் இல்லை, நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். குத்தகைப் பதிவேடு என்பது எந்த வயலை யார் பயிரிடுகிறார்கள் என்று அரசாங்கம் எழுதிவைக்கும் புத்தகம். அதில் பெயர் ஏறிய குத்தகைக்காரரை நினைத்த நேரத்தில் வயலை விட்டு வெளியேற்ற முடியாது. பெயர் ஏறாவிட்டால் அவர் அந்த வயலில் வெறும் கூலி. பதிவேடு முதன்முதலில் தயாரானபோது இங்கிருந்த அதிகாரி ஓர் ஏற்பாடு செய்தார். எழுத்தருக்கு நீலக் கறுப்பு, திருத்தத்துக்குச் சிவப்பு, அதிகாரிக்குப் பச்சை. இவை எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆகவே வயலில் நின்று விசாரித்து எழுதும் வரிக்கு மட்டும் ஆரஞ்சு என்று வைத்தார். மாத்திரைகளாக வந்த அந்த மையை அலமாரியில் பூட்டி வைத்தார்கள். சைக்கிள் பையில் மைப்புட்டி கவிழ்ந்து ஒரு பதிவேடே பாழானதால், கிராமத்துக்குப் போகும் ஆய்வாளர் மாத்திரையைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். கூடவே ஒரு காலிப் புட்டி, ஓர் ஊற்றுப் பேனா. போன இடத்தில் தண்ணீர் வாங்கிக் கரைத்து, பேனாவில் நிரப்பி, நின்ற இடத்திலேயே எழுத வேண்டும்.

இந்த வழக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும்தான் தவறினேன்.

தரங்கம்பாடிக்குத் தெற்கே, ஆற்றுப் பாசனம் கடைசியாக எட்டும், கடல்காற்று அடிக்கும் கடைமடை ஊர் ஒன்றிலிருந்து ஒரு மேல்முறையீடு வந்தது. அஞ்சலை என்ற பெண்ணின் பெயர் மோசடியாகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டிருக்கிறது, நீக்க வேண்டும் என்பது கோரிக்கை. அஞ்சலைக்கு நாற்பது வயதிருக்கும். புருஷன் இறந்துவிட்டார். மாமனார் காலத்திலிருந்து குத்தகைக்குப் பயிரிட்ட ஒரே வயல். நிலத்துக்காரர் தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டதால் அவருடைய காரியஸ்தர்தான் ஊரில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். அந்த வரியை எழுதிய ஆய்வாளர் உயிரோடு இல்லை. விசாரணை வியாழக்கிழமை. பெயர் நீங்கினால் அந்தச் சம்பா நடவுக்கே அஞ்சலை வயலில் இறங்க முடியாது.

திங்கட்கிழமை காலையிலேயே காரியஸ்தர் என் மேஜைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் மடித்த துண்டு, குரலில் வெண்ணெய்.

"நா ஒண்ணும் சொல்ல வேணாம்மா. நீங்க படிச்சவங்க. அந்த ஒரு பக்கத்த மட்டும் பாருங்க. பத்தொன்பது வரி இருக்கு. பதினெட்டு ஒரு மையி, ஒண்ணு வேற மையி. அவ்வளவுதான்."

"பதிவேட்ட நீங்க எப்பப் பாத்தீங்க?"

"நகல் வாங்கப் பாத்ததுதாம்மா. முறையா மனுக் குடுத்துத்தான். சந்தேகமா?" என்று சிரித்தார். "சந்தேகப்படணும்மா. சந்தேகப்படாதவங்க இந்த வேலைக்கு லாயக்கே இல்ல. உங்க ஆளுங்கன்னு கண்ண மூடிக்குவீங்களோன்னு எங்க மொதலாளிக்கு ஒரு எண்ணம். நாந்தான் சொன்னேன், அந்தப் பொண்ணு அப்படி இல்லீங்கன்னு."

அவர் எனக்கு வைத்த பொறி அந்தக் கடைசி வாக்கியம். அப்போது அது பாராட்டு போலக் கேட்டது.

பக்கத்தை ஜன்னலருகில் கொண்டுபோனேன். இரண்டு ஆரஞ்சுகளை ஒப்பிடுவது நீங்கள் நினைப்பது போல எளிதல்ல. ஊற்றுப் பேனாவில் அழுத்தி எழுதிய இடத்தில் ஒரு நிறம், இழுத்துவிட்ட இடத்தில் வேறு நிறம் தெரியும். அதனால் அழுத்தம் விழும் கோடுகளை மட்டும், 'க'வின் நெடுங்கோட்டை மட்டும், ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டும். குழல் விளக்கில் எல்லா ஆரஞ்சும் மஞ்சளுக்குச் சாயும். மாலை வெயிலில் எல்லாமே சிவப்பாகும். பதினொரு மணி வெளிச்சத்தில் பார்த்தேன். பதினெட்டு வரிகளும் அன்று பறித்த கனகாம்பரம். அஞ்சலையின் வரி மட்டும் மழை பட்டு வெளுத்த காவி. சர்வேயரின் பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துப் பார்த்தபோது அந்த வரியில் கோடு தொடங்கும் இடங்களில் பொடிப்பொடியாக மணிகள் படிந்திருந்தன. மற்ற வரிகளில் அவை இல்லை.

அலமாரியில் மிஞ்சியிருந்த பழைய மாத்திரைகளில் ஒன்றை எடுத்து, எங்கள் மண்பானைத் தண்ணீரில் கரைத்து எழுதிப் பார்த்தேன். பளிச்சென்று கனகாம்பரம். பதினெட்டோடு ஒத்துப்போயிற்று. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். யாரும் சொல்லித்தராமல் நானே கண்டுபிடித்தேன் அல்லவா?

மத்தியானத்துக்குள் குறிப்பு எழுதினேன். "பதினெட்டு வரிகள் அலுவலக மையால் எழுதப்பட்டவை. பத்தொன்பதாவது வரி மட்டமான வேறு மையால் பின்னர் சேர்க்கப்பட்டதாகச் சந்தேகிக்க இடமுள்ளது." கையெழுத்திட்டு, கோட்டாட்சியரின் மேஜைக்கு அனுப்பினேன். அவர் முகாம் போயிருந்தார். வியாழன் காலைதான் வருவார்.

செவ்வாய்க்கிழமை அஞ்சலை வந்தார். குறிப்பு விஷயம் அதற்குள் அவருக்கு எட்டியிருந்தது. எப்படி எட்டியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கலங்கிப்போவது யாருக்கு வேண்டியிருந்தது என்பது தெரியும்.

"எம் பேரு கள்ளப் பேருன்னு எழுதினது நீதானா?"

"உக்காருங்க. மை வேறயா இருக்குன்னுதான் எழுதினேன்."

"மையி நானா கரைச்சேன்? அந்தாளு கரைச்சாரு, அந்தாளு எழுதுனாரு. எனக்கு எழுத்தும் தெரியாது, மையும் தெரியாது."

"அவர் எப்ப வந்தார்? எங்க நின்னு எழுதினார்?"

"நெலத்துக்காரர் பண்ணை வீட்ல சாப்புட்டுட்டு வண்டி ஏறப் போனாரு. நா குறுக்க நின்னேன். மனுக் குடுத்துருக்கேன், வயலப் பாக்காம போனா எப்புடின்னேன். முணுமுணுத்துக்கிட்டே வந்தாரு. நா பாட்டுக்கு முன்ன நடந்து வரப்ப எல்லாம் காட்டுனேன். தண்ணி கேட்டாரு. கெணத்துலேருந்து மொண்டு குடுத்தேன். ஒரு வாய் வச்சாரு, தூன்னு துப்புனாரு. 'என்னம்மா இது, கடல மொண்டு குடுக்குற'ன்னாரு. மிச்சத்தப் புட்டியில ஊத்திக் கரைச்சு எழுதிட்டுப் போயிட்டாரு."

நான் நம்பவில்லை. இவ்வளவு கோவையாக யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. கட்சிக்காரர்கள், வக்கீல் குமாஸ்தா, யார் வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் மடக்கிப் பார்ப்போம் என்று கேட்டேன்.

"அவ்வளவு கரிக்கிற தண்ணிய எப்படிக் குடிக்கிறீங்க?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எந்த ஊரு?"

"வலங்கைமான் பக்கம்."

"அதானே பாத்தேன். ஆத்துத் தண்ணி குடிச்சு வளந்த புள்ள. படிப்பு மட்டும் போதுமா? வாய்க்கால்ல தண்ணி வர்ற வரைக்கும் நாங்க அதத்தான் குடிக்கிறோம். வந்து குடிச்சுப் பாரு, அப்புறம் எழுது."

என்னை யாரும் படிப்பை வைத்துக் குத்தியதில்லை. என் படிப்புதான் எனக்குக் கவசம். கோபம் வந்தது. அவர் போன பிறகு, அந்தக் கோபம் அடங்குவதற்குள், இன்னொன்று உறுத்தியது. எங்கள் ஊரில் எந்தக் கிணற்றில் மொண்டாலும் தண்ணீர் ஒன்றுதான். மாத்திரையைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும் என்று தெரிந்த நான், எந்தத் தண்ணீர் என்று ஏன் கேட்டுக்கொள்ளவில்லை?

புதன்கிழமை விடுப்பு எழுதிவிட்டு பஸ் ஏறினேன். தண்ணீரை அஞ்சலையிடமே கொண்டுவரச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கொண்டுவரும் தண்ணீரையும் நான் சந்தேகிப்பேன், மற்றவர்களும் சந்தேகிப்பார்கள். சுத்தமாகக் கழுவிய புட்டியோடு நானே போனேன். வயலோரக் கிணற்றில் மொண்டு ஒரு வாய் வைத்ததும் துப்பிவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தால் காரியஸ்தர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். நான் பஸ்ஸை விட்டு இறங்கியதை யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"அம்மா நீங்களா! சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே. அந்தப் புட்டியில என்ன, குடிக்கவா?" என்று உண்மையாகவே பதறினார். "இத மாடே மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். எங்க பண்ணை வீட்டுக்கு வாங்க. அங்க ஒரு சொட்டு கூட இந்தத் தண்ணி பொழங்குறதில்ல. மேக்க ஆத்தோரத்துலேருந்து தெனமும் மாட்டுவண்டில பீப்பாயில கொண்டாறோம்."

"தெனமுமா?"

"எங்க மொதலாளி அப்பா காலத்துலேருந்து."

"இந்த ஊர்ல வேற எங்கயாவது நல்ல தண்ணி இருக்கா?"

"எங்க இருக்கு? தோண்டின எடமெல்லாம் உப்புதான். இளநீ வெட்டச் சொல்லட்டா?"

வேண்டாம் என்றேன். அவர் இரக்கப்பட்டுச் சொன்னதா, விருந்தாளியிடம் பெருமை பேசியதா என்பது இப்போதும் பிடிபடவில்லை. எதுவாக இருந்தாலும் நான் எதிர்பார்க்காத சாட்சியத்தைச் சொல்லிவிட்டுத்தான் அவர் நின்றார்.

மூன்று மணிக்கு அலுவலகம் திரும்பினேன். ஒரே மாத்திரையை இரண்டாக உடைத்தேன். ஒரு பாதி மண்பானைத் தண்ணீரில், ஒரு பாதி கிணற்றுத் தண்ணீரில். ஒரே பேனாவைக் கழுவித் துடைத்து இரண்டாலும் எழுதினேன். கிணற்றுத் தண்ணீர்ப் புட்டியின் அடியில் சற்று நேரத்திலேயே வண்டல் இறங்கியது. எழுத்து காய்ந்தபோது வெளுத்த காவி. கோட்டின் தலையில் பொடி மணிகள். புது மையும் பல வருடப் பழைய மையும் அச்சாக ஒத்துவரும் என்று நான் சொல்ல மாட்டேன், நான் ரசாயனம் படித்தவள் இல்லை. ஆனால் என் இரண்டு வரிகளுக்கு இடையே என்ன தூரம் இருந்ததோ, பதிவேட்டின் இரண்டு ஆரஞ்சுகளுக்கு இடையேயும் அதே தூரம் இருந்தது.

பிறகுதான் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை மறுபடி இழுத்துக்கொண்டேன். அஞ்சலையின் வரி அந்த மண்ணில் எழுதப்பட்டது சரி. அப்படியென்றால் அந்தப் பதினெட்டு?

பதினெட்டு வரியிலும் ஒரே வாசகம்: "நேரில் விசாரித்தேன். நிலத்துக்காரரே பயிரிடுகிறார்." பதினெட்டு வயல், பதினெட்டு வரப்பு, குடிக்க முடியாத தண்ணீர் மட்டுமே உள்ள ஊர். எழுதிய மையோ நல்ல தண்ணீரில் கரைத்த மை. நம் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கலாம், பண்ணை வீட்டில் பீப்பாய்த் தண்ணீரில் கரைத்து எழுதியிருக்கலாம். வயலோரத்துத் தண்ணீர் அதில் இல்லை. திங்கட்கிழமை முழுவதும் நான் உற்றுப் பார்த்தது ஒத்துப்போகாத ஒன்றை. ஒத்துப்போன பதினெட்டை, ஒத்துப்போனதாலேயே விட்டுவிட்டேன்.

ஹெட் கிளார்க்கிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. எச்சரிக்கையானவர்.

"ஏம்மா, ஒன்ன யாரு கெணத்துக்கெல்லாம் போகச் சொன்னது?" என்று தலையில் கை வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி. ஐயா இன்னும் கோப்பத் தொறக்கல. திங்கக்கெழம எழுதினத உருவிடுறேன். புதுசா ஒண்ணு எழுதி வச்சுடு. தேதிய மட்டும் பாத்துப் போடு."

"பழையது?"

"பழையதுன்னு ஒண்ணு இருந்தாத்தானே?"

அவர் நீட்டிய உதவியில் உள்நோக்கம் ஏதும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. என் ஆசையைத்தான் சந்தேகப்பட்டேன். அந்தக் குறிப்பு கோப்பிலிருந்து போய்விட வேண்டும் என்று நான் எவ்வளவு விரும்பினேன் என்பது எனக்கே பயமாக இருந்தது. ஒரு பக்கத்தில் பொய்யாக எழுதப்பட்ட வரிகளைப் பிடித்துவிட்டு, அதைச் சொல்ல நானே ஒரு பொய்த் தேதி போடுவதா? மேலும், நான் மாற்றி எழுதியது வெளியே தெரிந்தால் அஞ்சலையின் வரியும் சேர்ந்து போகும். இரண்டாவது குறிப்பை எழுதினேன். முதல் வாக்கியம்: "திங்கட்கிழமை நான் சமர்ப்பித்த குறிப்பு தவறு."

அதற்கு மேல் எழுத வெகுநேரம் பிடித்தது.

வியாழக்கிழமை கோட்டாட்சியர் இரண்டு குறிப்புகளையும் அருகருகே வைத்துக்கொண்டார். ஒரு பக்கம் காரியஸ்தரும் வக்கீலும். மறுபக்கம் அஞ்சலை, தனியாக.

"திங்கக்கெழம உறுதியா எழுதியிருக்கீங்க. நேத்தும் உறுதியா எழுதியிருக்கீங்க. நா எந்த உறுதிய நம்புறது?" என்றார்.

"ரெண்டையும் நம்ப வேண்டாம் சார். புட்டியப் பாருங்க."

அவர் சிரிக்கவில்லை. மாத்திரையைத் தன் கையாலேயே உடைத்தார், இரண்டு தண்ணீரிலும் தன் கையாலேயே கரைத்து எழுதினார். அது காய்ந்ததும் பதிவேட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு வக்கீல் எழுந்து, பதிவேட்டை யாராவது கிராமத்துக்குக் கொண்டுபோய்ப் பின்னால் எழுதியிருக்கலாமே என்றார். நல்ல கேள்வி. பதிவேடு வெளியே போய் வந்ததைக் குறிக்கும் புத்தகத்தைக் காட்டினேன். அந்தப் பதிவேடு அலுவலகத்தை விட்டு ஒரே ஒரு நாள்தான் வெளியே போயிருந்தது. அஞ்சலையின் வரியில் இருந்தது அதே தேதி.

கோட்டாட்சியர் காரியஸ்தரைப் பார்த்தார். "உங்க ஊர்ல நல்ல தண்ணி எங்க கெடைக்கும்?"

காரியஸ்தர் என்னைப் பார்த்தார். முந்தின நாள் வரப்பில் சொன்னது அவர் முகத்தில் ஓடியது. "அங்கங்க இருக்குங்கய்யா" என்றார்.

"அங்கங்கன்னா? ஒரு கெணத்தச் சொல்லுங்க. இப்பவே ஜீப்ப அனுப்புறேன்."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

மேல்முறையீடு தள்ளுபடி ஆயிற்று. அஞ்சலையின் பெயர் நின்றது. மற்ற பதினெட்டு வயல்களையும் புதிதாக, நேரில் போய் விசாரிக்க உத்தரவாயிற்று. அந்த விசாரணை இன்னும் முடியவில்லை. அந்தக் கோப்புகள் இப்போது உங்கள் மூவரின் மேஜையில்தான் இருக்கின்றன. அவற்றில் எல்லாமே கச்சிதமாக ஒத்துப்போகும் காகிதம் ஒன்று வந்தால், அன்று கொஞ்சம் தாமதமாக வீட்டுக்குப் போங்கள். யார் பக்கம் சாய்ந்துவிடுவோமோ என்று பயப்படுகிறீர்களோ, அவர்களுக்கு எதிராக ஏற்கெனவே சாய்ந்திருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அது அந்த வாரம்தான் தெரிந்தது.

உத்தரவு வந்த அன்று அஞ்சலை எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. படியில் என்னை நிறுத்தி வேறொன்று கேட்டார்.

"எம் பேரு வெளுத்துப்போயிருக்குன்னு உள்ள எல்லாரும் சொன்னாங்களே. இன்னும் நாலு வருசத்துல அழிஞ்சே போயிடுமோ?"

"அழியாதுங்க."

"நல்ல மையா வச்சு அதுமேலயே ஒரு தடவ எழுதிடேன். அவங்களுது மாதிரி பளிச்சுன்னு இருக்கட்டும்."

எழுதக்கூடாது, அந்த வெளுப்புதான் உங்களுக்குச் சாட்சி என்று சொன்னேன். பாதிதான் நம்பினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் நடவு முடிந்ததும் வருகிறார். இந்த வருடமும் வருவார். பக்கத்தைத் திறந்து, அவர் விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வையுங்கள், அவருக்கு அது போதும். எவ்வளவு கெஞ்சினாலும் பேனாவை மட்டும் திறக்காதீர்கள்.